குட்டை மேல் கட்டிய வீடுகள்

பெங்களூரில், அடுகோடியின் ஒரு சந்தில் குடியிருந்தவர்களுக்கு நிக்கோலின் பெயர் தெரிய வெகுநாள் ஆயிற்று. அதுவரை அவளை ‘மூணே முக்கால் மேடம்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பகல் இரண்டரை மணிக்கு மஞ்சள் தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருவாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று, “இன்னிக்கும் மூணே முக்காலுக்குத்தான். ஒரு லாரி போற மாதிரி இருக்கும், அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்குப் போவாள்.

சந்துக்குப் பக்கவாட்டில், எழுபது அடி ஆழத்தில், கழிவுநீர் போவதற்காக ஒரு சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கீழே இருந்தது கருங்கல். இயந்திரப் பல்லுக்கு மசியாத கல். பாறையில் துளை போட்டு, வெடிமருந்து திணித்து, நாளுக்கு ஒரு வெடி வைத்து, இரண்டிரண்டு மீட்டராக முன்னேறினார்கள். ஆரம்பத்தில் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. திடீரென்று தரை குலுங்கினால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். மூன்றாம் நாள் மண் ஏற்ற வந்த லாரியை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது நிக்கோலின் யோசனை. அதிர்வை அளப்பதும் கணிப்பதும்தான் கம்பெனியில் அவளுடைய வேலை. ஒரு தடவைக்கு எத்தனை கிலோ மருந்து வெடிக்கிறது, வீடு எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் போதும். கம்பெனி அமர்த்திய ஆலோசகர் சோதனை வெடிகள் வைத்துப் பார்த்து எழுதிக் கொடுத்திருந்த சூத்திரத்தில் அவற்றைப் போட்டால், அந்த வீட்டுத் தரை வினாடிக்கு எத்தனை மில்லிமீட்டர் வேகத்தில் அசையும் என்று வந்துவிடும். ஒன்று என்றால் லாரி. மூன்று என்றால் பக்கத்து அறையில் கதவைப் படாரென்று சாத்தியது மாதிரி. சொன்னபடியே நடக்க நடக்க, சந்துக்காரர்கள் மூன்றே முக்காலுக்கு வெளியே ஓடி வருவதை நிறுத்தினார்கள். சிலர் மத்தியானத் தூக்கத்தைக்கூட விடவில்லை.

அவள் பிறந்தது கோலார் தங்கவயலில். ஆழத்தில் பாறை தானாக வெடிப்பதை அங்கே ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். சுரங்கத்தை மூடிய பிறகும் அது நிற்கவில்லை. அலமாரியில் தட்டுகள் கிலுகிலுக்கும். அம்மா ஞானம்மாள் கையில் இருப்பதை அப்படியே பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பாள், அடுத்தது வருமா என்று. எப்போது வரும், எவ்வளவு வரும் என்று சொல்ல யாருமில்லை. இப்போது விவேக் நகரில் மகளோடு இருக்கும் ஞானம்மாளுக்கு நிக்கோலின் வேலையில் பிடித்த விஷயம் ஒன்றே ஒன்று. “சொல்லிட்டு வெக்கறாங்கல்ல, அது போதும்” என்பாள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெடி முடிந்து கால்மணி நேரம் கழித்து, நிக்கோல் சந்து முனையில் வைத்திருந்த அதிர்வுமானியை எடுத்துக்கொண்டிருந்தாள். செங்கல் அளவுக்கு இருக்கும் அந்தக் கருவியை ஆட்கள் ‘டப்பா’ என்றுதான் சொல்வார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“மேடம், இன்னிக்கு எவ்ளோன்னு சொன்னீங்க?”

சந்திரம்மா நின்றுகொண்டிருந்தாள். சந்தின் உள்பக்கம் இருந்தது அவள் வீடு. மாடி அறையில் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஊசி அவள் புடவைத் தலைப்பிலேயே குத்தியிருந்தது.

“ஒன்னுதான்க்கா. ஒன்னேகால்னு வெச்சுக்கோங்க. டப்பாவுலயும் அதேதான் காட்டுது.”

“எனக்கு லாரி மாதிரி இல்லையே. லாரி போனா தடதடன்னு இருக்கும். இது ஆடுச்சு மேடம். தொட்டிலை ஒருத்தர் இழுத்து விட்டா எப்படிப் போய்ட்டு வரும், அப்படி.”

“மாடியில இருந்தா கொஞ்சம் கூடத்தான் தெரியும்க்கா.”

“கீழ சமையக்கட்டுல இருந்தேன்.”

பயந்தவர்களுக்கு எல்லாமே பெரிதாகத்தான் தெரியும் என்று நிக்கோல் நினைத்தாள். அதை முகத்தில் காட்டிக்கொள்ளாமல், “மிஷின் பொய் சொல்லாதுக்கா” என்றாள்.

“உன் மிஷின் எங்க இருந்துச்சு?” ‘மேடம்’ போய் ‘நீ’ வந்துவிட்டது.

“இங்க, சந்து முனையில.”

“என் வீடு எங்க இருக்கு?”

நிக்கோல் சந்தின் உள்பக்கம் பார்த்தாள். முனையிலிருந்து எட்டாவது வீடு. சுரங்கத்திலிருந்து அளந்தால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே தூரம். சூத்திரப்படி இங்கே என்ன வந்ததோ அதுதான் அங்கேயும் வரவேண்டும். அதனால்தான் ஒரு டப்பா போதும் என்று விட்டிருந்தாள். பதில் சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள்.

“நாளைக்கு உங்க வீட்டுலயே வெக்கறேன்க்கா.”

மறுநாள் சந்திரம்மா வீட்டுச் சமையலறை மூலையில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில், டப்பாவை வைத்தாள். இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். மூன்றே முக்காலுக்குத் தரை அசைந்தது. தடதடக்கவில்லை. சந்திரம்மா சொன்னதுபோலத்தான் இருந்தது. ஒரு பக்கம் போய், திரும்பி வந்து, மறுபடியும் போய் அடங்கியது. கொடியில் தொங்கிய ஹேங்கர்கள் அதற்கப்புறமும் ஆடிக்கொண்டிருந்தன.

டப்பாவில் மூன்று புள்ளி ஒன்று என்று இருந்தது. அவள் கணக்கு ஒன்றேகால்.

அதைவிட அவளைத் திடுக்கிட வைத்தது அடுத்த வரி. சந்து முனையில் தரை வினாடிக்கு முப்பது தடவை நடுங்கிக்கொண்டிருந்தது. இங்கே ஏழு தடவைதான். சுவரை விரைந்து நடுங்க வைக்கும் அதிர்வு பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் போய்விடும். நிதானமாக ஆட்டும் அதிர்வுதான் வீட்டைப் பிடித்து உலுக்கும். விதியிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. நடுக்கம் வேகமாக இருந்தால் பத்து மில்லிமீட்டர் வரை போகலாம். வினாடிக்கு எட்டு தடவைக்குக் கீழே இறங்கிவிட்டால் ஐந்துதான் எல்லை.

“எவ்ளோ காட்டுது?” என்றாள் சந்திரம்மா.

“மூணு. நீங்க சொன்னதுதான் சரிக்கா. நான் தப்பா சொல்லிட்டேன்.”

சந்திரம்மா அதைப் பெரிதுபடுத்தவில்லை. “டீ குடிக்கிறியா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள்.

டீ குடிக்கும்போது அவள் கணவன் முனிகிருஷ்ணன் ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தான். டப்பாவைப் பார்த்தான், விஷயத்தைக் கேட்டான். “இது என்னாத்துக்கு இவ்ளோ யோசனை? தண்ணிக்கு சம்ப்பு தோண்டறப்பவே தெரியுமே. பத்தடி வரைக்கும் கறுப்புக் களிமண்ணு. அதுல நத்தை ஓடு வேற. குட்டையை மூடித்தான் வீட்டு சைட்டு போட்டிருக்கான். எங்களுக்கு வித்தவன் சொல்லல, நாங்களும் கேக்கல.”

நிக்கோல் டீயைக் கீழே வைத்துவிட்டாள். சூத்திரத்தில் மருந்து இருந்தது, தூரம் இருந்தது, வீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது இல்லை. ஆலோசகர் சோதனை செய்ததெல்லாம் பாறை மேலேயே தெரிந்த இடங்களில்.

மறுநாள் கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி நான்கு டப்பாக்கள் வாங்கிக்கொண்டு வந்தாள். சந்து நெடுக வரிசையாக வைத்தாள். முதல் இரண்டும் சூத்திரத்தோடு ஒத்துப்போயின. உள்ளே வைத்த இரண்டும் இரண்டரை மடங்கு காட்டின. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் எங்கோ குட்டையின் கரை இருந்திருக்க வேண்டும். அது, சந்து திரும்பும் இடத்தில் இருந்த வளைவு வீட்டுக்கு முன்னால் இருப்பதாக ஊகித்து வரைபடத்தில் கோடு போட்டாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் பதினொரு வீடுகள்.

பிறகு உட்கார்ந்து வரப்போகும் நாட்களைக் கணக்குப் போட்டாள். மூன்று வாரத்தில் சுரங்கம் அந்த வீடுகளுக்கு அறுபது மீட்டர் கிட்டே வந்துவிடும். சூத்திரப்படி மூன்றுக்குச் சற்றுக் குறைவு. இரண்டரையால் பெருக்கினால் ஏழைத் தாண்டியது.

கிருஷ்ணப்பாவின் அறை ஒரு தகரக் கொட்டகை. சைட்டுக்கு அவர்தான் பொறுப்பு. முப்பது வருஷம் பாறை உடைத்த மனிதர், வீட்டில் கன்னடம், சைட்டில் எல்லா மொழியும். அவள் வைத்த தாளை இரண்டு தடவை படித்தார்.

“நோடும்மா, பாரு. ஏழுன்னே வெச்சுக்கோ. லிமிட் பத்து. எங்கே கஷ்டம்?”

“அந்த இடத்துக்கு அஞ்சு சார். ஃபிரீக்வென்ஸி எட்டுக்குக் கீழ இருக்கு.”

அவர் விதியைப் புரட்டிப் பார்க்கவில்லை. அவருக்கு அது தெரியும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மருந்தைப் பாதியாக்கணும்ங்கிற.”

“ஆமா சார். அந்த வீடுங்களைத் தாண்டற வரைக்கும்.”

“பாதி மருந்துன்னா ரெண்டு மீட்டர் போற இடத்துல ஒரு மீட்டர் போகும். ரெண்டு நாள் ரீடிங் வெச்சிருக்கே. ரெண்டே நாள். அந்தப் பக்கம் ஆலோசகர் இருபது வெடி வெச்சுக் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் இருக்கு. ஹெட் ஆபீஸ்ல கேப்பாங்க, என்ன சொல்லட்டும் நானு?”

அவர் கேட்டது நியாயம்தான் என்று நிக்கோலுக்கே பட்டது. நடந்து முடிந்ததற்குக் காரணம் சொல்வது பெரிய காரியமில்லை. இரண்டு நாள் அளவுக்குப் பொருந்துகிற மாதிரி எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அவள் ஒரு வழி சொன்னாள்.

“சார், திங்கக்கிழமை வெடிக்கு முன்னாடி அஞ்சு வீட்டுக்கு அஞ்சு நம்பர் எழுதி உங்க கையில குடுத்துடறேன். நீங்க ரிப்போர்ட் சூத்திரத்துல அஞ்சு நம்பர் போடுங்க. வெடிக்கட்டும். எது கிட்ட வருதுன்னு பாருங்க. திங்கக்கிழமை எப்படிப் போனாலும் அஞ்சைத் தாண்டாது, அதனால யாருக்கும் ஆபத்தில்ல.”

“உன்னுது தப்பாச்சுன்னா?”

“மருந்தைக் குறைக்கச் சொல்ல மாட்டேன்.”

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஆனால் அவர் தலையாட்டிவிட்டார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கே அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். சந்து முனையிலும் அதற்கு அடுத்த வீட்டிலும் ஒன்றரை. வளைவு வீட்டில் மூன்றரை. சந்திரம்மா வீட்டில் மூன்று புள்ளி ஆறு. கடைசி வீட்டிலும் மூன்று புள்ளி ஆறு. கிருஷ்ணப்பாவின் தாளில் ஐந்து வீட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றரையேதான்.

இரண்டரைக்குச் சந்துக்குப் போனாள். வளைவு வீட்டுச் சந்தானத்திடம், இன்று வழக்கத்தைவிடப் பலமாக இருக்கும், சுவரில் மாட்டியது ஏதாவது இருந்தால் இறக்கி வையுங்கள் என்றாள். தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர். முணுமுணுத்துக்கொண்டே ஸ்டூல் போட்டு ஏறி, சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியைக் கழற்ற ஆரம்பித்தார்.

சந்திரம்மா மாடியில் சட்டத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். கருநீலத் துணியில் ஒரு மயில் கழுத்து வரை வந்திருந்தது.

“கீழ வந்துடுங்கக்கா. இன்னிக்கு இதுவரைக்கும் வந்ததுலயே ஜாஸ்தியா இருக்கும். மூணரைக்கு மேல வரும்னு எழுதிக் குடுத்திருக்கேன்.”

“எழுதிக் குடுத்தியா? யாருக்கு?”

நிக்கோல் எல்லாவற்றையும் சொன்னாள். தன் கணக்கு சரியாக வந்தால் மருந்தைக் குறைப்பார்கள், வராவிட்டால் மூன்று வாரம் கழித்து என்ன ஆகும், எல்லாவற்றையும். சந்திரம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

“அப்படின்னா நான் என்னான்னு வேண்டிக்கறது? என் வீடு நல்லா ஆடணும்னா, ஆடக்கூடாதுன்னா?”

காலையிலிருந்து நிக்கோல் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தது முதலாவதைத்தான். இந்த வீடு, இந்தப் பெண்மணியின் சமையலறை, மூன்றரைக்கு மேல் ஆட வேண்டும். அதற்கு அவள் ஆசைப்பட்டிருந்தாள். சந்திரம்மா வாய்விட்டுக் கேட்ட பிறகு அது வெட்கமாக இருந்தது.

“நீங்க எதுவும் வேண்டிக்க வேணாம்க்கா” என்றாள். “கீழ வந்து என் பக்கத்துல உக்காருங்க.”

இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். சைரன் மூன்று முறை ஊதியது. எங்கோ பிரஷர் குக்கர் சத்தம் கேட்டது. பிறகு படி அவர்களுக்கு அடியில் நகர்ந்தது, வந்தது, நகர்ந்தது. அலமாரிக் கண்ணாடி கிணுங்கென்றது. சந்திரம்மா நிக்கோலின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அடங்கிய பிறகும் சற்று நேரம் விடவில்லை.

கொட்டகையில் கிருஷ்ணப்பா இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். சந்து முனையிலும் அடுத்த வீட்டிலும் இரண்டு கணக்கும் சரி. சந்திரம்மா வீட்டில் மூன்று புள்ளி நான்கு. கடைசி வீட்டில் மூன்று புள்ளி ஏழு. வளைவு வீட்டில் ஒன்றரை.

“இது தப்பும்மா” என்று வளைவு வீட்டின் மேல் விரலை வைத்தார்.

“தப்புதான் சார். குட்டைக் கரை அந்த வீட்டுக்கு முன்னாடி இருக்குன்னு நினைச்சேன். பின்னாடி இருக்கு. பதினொன்னு இல்ல, பத்து வீடு.”

மேசை விசிறி தாள் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. “உன்னுது அஞ்சுல நாலு சரி” என்றார் கிருஷ்ணப்பா. “ரிப்போர்ட்டு அஞ்சுல மூணு. மிச்ச ரெண்டுல பாதிக்கு மேல தப்பு.” போனை எடுத்து ஹெட் ஆபீசுக்கு அடித்தார். கன்னடத்திலும் ஆங்கிலத்திலுமாகக் கால்மணி நேரம் போயிற்று. நடுவில் ஒருமுறை குரல் உயர்ந்தது. “நான் கையெழுத்துப் போடறேன், நீங்க போட வேணாம்” என்பது மட்டும் நிக்கோலுக்குத் தெளிவாகக் கேட்டது. போனை வைத்துவிட்டு, வெடி வைக்கும் மேஸ்திரி அப்பாதுரையைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து பாதி என்றார். அவள் பக்கம் திரும்பி, “வேலை மூணு வாரம் தள்ளிப் போகுது. அதை உன் மூஞ்சியைப் பாத்துச் செய்யல. நம்பரைப் பாத்துச் செய்றேன்” என்றார்.

“அது போதும் சார்.”

அன்று மாலை முதலில் போனது சந்தானம் வீட்டுக்கு. டிவி இன்னும் கட்டில் மேல் கிடந்தது.

“ஒண்ணுமே ஆகலையேம்மா! டம்ளர்கூட ஆடல. ஸ்டூல்ல ஏறி இறங்கினதுல முட்டிதான் போச்சு.”

“உங்க வீட்டுக்கு நான் போட்ட கணக்கு தப்பு சார். உங்க வீடு கெட்டித் தரையில இருக்கு. தப்பா பயமுறுத்திட்டேன், மன்னிச்சுக்குங்க.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தைகள் வீணாயின. “கெட்டித் தரைங்கிற?” என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். மறுநாளிலிருந்து அந்தச் சந்தில் யாரிடமும் அவர் அதைச் சொல்லாமல் விடவில்லை. டிவியைத் திரும்ப மாட்ட நிக்கோல்தான் ஒரு பக்கம் பிடித்துக் கொடுத்தாள்.

அடுத்த ஆறு வாரம் சுரங்கம் ஒவ்வொரு மீட்டராக நகர்ந்தது. நிக்கோல் இப்போதெல்லாம் ஒரே எண்ணைச் சொல்வதில்லை. “மூணுலேருந்து நாலு வரைக்கும் வரலாம். அதுக்கு மேல துல்லியமா என்னால சொல்ல முடியாது” என்றாள். இதைக் கேட்டால் ஜனங்கள் பயப்படுவார்கள் என்றுதான் முன்பு நினைத்திருந்தாள். அவர்கள் பயப்படவில்லை. கேட்டுக்கொண்டு, அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தார்கள்.

சுரங்கம் மிகவும் கிட்டே வந்தது ஒரு வியாழக்கிழமை. அன்று அவள் நான்கிலிருந்து நான்கரை வரை என்று சொன்னாள், நான்கு புள்ளி மூன்று வந்தது. கடைசி வீட்டில் ஜன்னலுக்கு மேல் பழைய விரிசல் ஒன்று விரல் நீளம் கூடியது. முன்பே எடுத்து வைத்திருந்த படத்தோடு ஒப்பிட்டு, நம்மால் வந்ததுதான் என்று அவளே எழுதிக் கொடுத்தாள். கொத்தனார் வந்து பூசிவிட்டுப் போனார். சந்திரம்மா வீட்டில் மாடிப்படிக்குக் கீழே கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. வேறொன்றும் இல்லை. மருந்தைக் குறைக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று முனிகிருஷ்ணன் கேட்டான். எட்டைக்கூடத் தொட்டிருக்கலாம், ஆனால் வீடு என்ன ஆகியிருக்கும் என்று தனக்குத் தெரியாது என்றாள். அது உண்மைதான்.

அக்டோபர் கடைசியில் சுரங்கம் சந்தைத் தாண்டிப் போய்விட்டது. இனி டப்பாக்களுக்கு இங்கே வேலையில்லை. அதைச் சொல்லிவிட்டுப் போக நிக்கோல் வழக்கம்போல இரண்டரைக்கு வந்தாள். ஒவ்வொரு வாசலாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். சந்திரம்மா வீட்டு வாசல் திறந்திருந்தது. கீழே யாருமில்லை.

“அக்கா, நாளையிலேருந்து நான் வர மாட்டேன். வெடி தூரமா போயிடுச்சு.”

மாடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. “தெரியும், தெரியும். சந்தானம் சார் காலையிலயே சொல்லிட்டாரு. மேல வா நிக்கோலு, கை வேலையா இருக்கேன், எழுந்திரிக்க முடியாது.”

அவள் தலைக்கவசத்தைப் படியோரம் வைத்துவிட்டு மேலே ஏறினாள். சட்டத்தில் இப்போது சிவப்புத் துணி கட்டியிருந்தது. சந்திரம்மா தலை நிமிராமலே காலால் ஒரு மணையை அவள் பக்கம் தள்ளிவிட்டாள். நிக்கோல் உட்கார்ந்தாள். ஊசி துணிக்குள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் வேறு ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கோ தூரத்தில் சைரன் ஊதியது. பேச்சு நிற்கவில்லை.